முந்நூற்றுப் பதினான்கு பிரியாணிப் பொட்டலங்களும் ஒரு கோரிக்கை மனுவும்

எழுதி வைத்தவன் கெட்டதில்லை என்று என் நாற்பத்து நான்காவது வயது வரை முழுமனதாக நம்பினேன். அந்த வயதில், ஒரு சட்டமன்றத் தேர்தலுக்குப் பதினைந்து நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அந்த நம்பிக்கை போயிற்று. நேரம் எப்படி அவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்காதீர்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பத்தொன்பது வயதிலிருந்து நாள்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை பெய்தால் தொடங்கிய நேரம், விட்ட நேரம், ஊருக்குப் போனால் ஏறிய பேருந்து, இறங்கிய நிறுத்தம் என்று எல்லாம் இருக்கும். என் திருமண நாளில், ‘முகூர்த்தம் 6.15. தாலி கட்டியது 6.22. ஏழு நிமிடத் தாமதம், நாதஸ்வரக்காரர் வரவில்லை’ என்று எழுதியிருந்தேன். மூன்று வருடம் கழித்து அதைப் படித்த என் மனைவி வசந்தி, “அன்னைக்கு ஒங்களுக்கு வேற ஒண்ணுமே தோணலையா?” என்று கேட்டாள். (தோன்றியது. அதற்குப் பத்தி ஒதுக்கியிருக்கவில்லை.)

தொழில், மனை விற்பனை. தேனியில் ஒரு மாடியில் சின்ன அலுவலகம். யாராவது நிலத்தை வாங்கிப் பிளாட் போட்டால், பத்திரங்களைச் சரிபார்த்து, ஆள் பிடித்து, விற்றுக் கொடுப்பேன். மூலப் பத்திரம் தொடங்கி வில்லங்கச் சான்று வரை நான் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் பஜாரில் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெருமையில்தான் என் சொந்த அக்காவுக்கு ஒரு மனை வாங்கிக் கொடுத்தேன்.

ராஜாத்தி அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். ஜெயமங்கலத்தில் வாக்கப்பட்டவள். பாகப்பிரிவினையில் பின்கட்டில் ஓர் அறையும் கொழுந்தன் குடும்பத்தோடு பொதுச் சமையலறையும் கிடைத்தன. முப்பது வருடமாக, தன் வீட்டில் தன் அடுப்பில் தனக்குப் பிடித்த நேரத்தில் ஒரு காப்பி போட முடியவில்லை என்பது அவளுடைய ஒரே குறை. அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், கம்பம் வண்டியில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதையெல்லாம் பணிக்காலத்திலேயே விசில் மூலம் பேசி முடித்துவிட்டார் என்பது என் கணிப்பு.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “மாப்ள, முப்பது வருசம் கம்பம் ஸ்டாண்டுல ஆள எறக்கிவிட்டுட்டுத் திரும்பிட்டேன். அதுக்கு அங்கிட்டு காத்து நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாக. அங்கன ஒரு எடம் பாரு.”

பார்த்தேன். சுருளிப்பட்டி தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கிராமம். திராட்சைத் தோட்டத்தை அழித்துப் பிளாட் போட்டிருந்தார்கள். முப்பது வருட வில்லங்கம் பார்த்தேன், சுத்தம். பத்திரத்தில் உள்ள நான்கெல்லையை நடந்து அளந்தேன், ஒன்றரை அங்குலம் கூடுதலாகவே இருந்தது. எல்லாம் பார்த்த நான், அந்தக் கிராமம் மலையிடப் பகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. இருந்தது. மலையிடக் கிராமத்தில் தனி அனுமதி வாங்காமல் பிளாட் போட்டால் அது அங்கீகாரமற்ற மனை. பத்திரம் பதிவாகும், வீடு மட்டும் கட்ட முடியாது. கட்டினால் வரைபட அனுமதி வராது, மின் இணைப்பு வராது, எவரும் கடன் தர மாட்டார்கள்.

அக்கா அஸ்திவாரம் போட்ட பிறகுதான் இது தெரிய வந்தது. வேலை நின்றது. அஸ்திவாரத்துக்குள் எருக்கஞ்செடி முளைத்தது. பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் எங்கள் வரவேற்பறையில் படுத்து, படுக்கையறையில் புழுக்கை போட்டன.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் எழுதி வைத்திருப்பேன், ஆறியிருக்கும். அவள் போடவில்லை. நான் போனால் காப்பி வரும், ஆனால் பேச்சு சுவரோடு நடக்கும். “இங்கன ஒரு ஆளு வந்திருக்காக. சீனி போடவா வேணாமான்னு கேட்டுச் சொல்லுங்க,” என்று மாமாவிடம் சொல்வாள். மாமா என்னைப் பார்ப்பார். நான் “போடலாம்” என்பேன். மாமா, “போடலாமாம்” என்பார். இப்படி ஒரு வருடம் நான்கு மாதம்.

இந்த நிலையில்தான் தேர்தல் வந்தது.

எங்கள் மாவட்டத்தில் மனைத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவர் சாமுவேல் அண்ணாச்சி. பஜாரில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம், இப்போது மனையும் விற்கிறார். செயலாளர் நான். (போட்டி இருந்ததில்லை. கூட்டக் குறிப்பு எழுத வேறு யாரும் முன்வந்ததில்லை.) வேட்பாளர்களிடம் தொழிலின் கோரிக்கைகளை மனுவாகக் கொடுத்து வாக்குறுதி வாங்குவது என்று தீர்மானம் போட்டோம். ஒவ்வொரு தொழிலும் செய்கிற காரியம்தான். நான் உட்கார்ந்து பதினேழு கோரிக்கைகள், ஒன்பது பக்கம், ஓர் இணைப்பு என்று மனு தயாரித்தேன். அண்ணாச்சி கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

“ஏப்பா, பதினேழா? வேட்பாளரு மனு வாங்குறது போட்டோவுக்கு. ஒரு கையில மனு, ஒரு கையில சால்வை. பக்கத்தப் புரட்ட மூணாவது கை அவருக்கு ஏது?”

“அப்ப எத்தன அண்ணாச்சி?”

“மூணு. அதுல ஒண்ணு என்னுது.”

அப்படி மூன்றாயிற்று. மூன்றாவது கோரிக்கை, பத்திரப் பதிவுக் கட்டணத்துக்கு அடிப்படையான அரசு வழிகாட்டி மதிப்பைக் குறைக்க வேண்டும் என்பது. அது அண்ணாச்சிக்கு. இரண்டாவது, வரைபட அனுமதியை ஒரே அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அது சங்கத்துக்கு. முதலாவது, மலையடிவாரக் கிராமங்களில் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்ட மனைகளுக்குத் தனி முகாம் நடத்தி அனுமதி வழங்க வேண்டும். அது என் அக்காவுக்கு. மேலே ‘பொதுமக்கள் நலன் கருதி’ என்று தலைப்புப் போட்டேன்.

அந்தக் கிராமங்கள் இருக்கும் தொகுதியின் மூன்று முக்கிய வேட்பாளர்களின் அலுவலகங்களுக்கும் போன் போட்டேன். பாரபட்சம் இருக்கக் கூடாது என்று ஆளுக்கு நான்கு முறை. மூன்று இடத்திலும் ஒரே கேள்வி வந்தது. மனுவில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

“எத்தன பேரு இருப்பாக?”

சங்கத்தில் மொத்தமே இருபத்தாறு பேர். அண்ணாச்சி கலங்கவில்லை. “கூட்டம் சேக்கிறது நமக்கென்ன புதுசா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதத்தான செய்றோம்?”

உண்மைதான். மனை வாங்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லாதவரைக்கூட மனையைப் பார்க்க வரவைப்பது எங்கள் தொழிலின் அடிப்படைக் கலை. சைட் விசிட் என்போம். வேன் வைத்து வீட்டு வாசலில் ஏற்றுவோம். இறங்கியதும் டோக்கன் கொடுப்போம். மதியம் பிரியாணி. குலுக்கலில் பரிசு, வந்த எல்லாருக்கும் ஒரு சின்ன அன்பளிப்பு. மாலை வேன் கொண்டுபோய் விடும். இருபது வருடமாக எங்களுக்குத் தெரிந்த ஒரே உபசாரம் இதுதான். அதையே செய்வது என்று முடிவாயிற்று.

வசந்தியிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

“எலெக்‌ஷன் நேரத்துல, வேன் வச்சு ஆள் ஏத்தி, டோக்கன் குடுத்து, பிரியாணி போட்டு, பரிசு குடுக்கப் போறீக?”

“ஆமா.”

“ஒங்களுக்கு ஒண்ணும் தோணல?”

“சாம்பார் சாதமும் கொஞ்சம் சொல்லணும். சைவக்காரங்க இருப்பாங்க.”

அவள் தோசையைப் பார்த்துக்கொண்டு, “கருகிருச்சு” என்றாள். தோசையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

என் ஒழுங்கின் உச்சம் அடுத்துத்தான் வந்தது. சும்மா ஒரு கூட்டத்தைக் காட்டினால் போதாது, மலையடிவார மனைகளை வாங்கி மாட்டிக்கொண்டவர்களையே அழைக்க வேண்டும், ஒவ்வொருவரின் விவரமும் கையில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். நானூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துப் பத்துப் பத்தி போட்டேன்: வரிசை எண், பெயர், ஊரும் தெருவும், மனையின் சர்வே எண், வாக்காளர் அட்டை எண், பூத் எண், வேன் எண், டோக்கன் எண், பிரியாணியா சாம்பார் சாதமா, அன்பளிப்புப் பெற்றதற்குக் கையொப்பம். பூத் எண் எதற்கு என்றால், இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் எந்தெந்த ஊரில் எத்தனை வாக்கு இருக்கிறது என்று வேட்பாளர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளட்டுமே என்று.

பன்னிரண்டு நாள் ஊர் ஊராகப் போய் நானே எழுதினேன். அட்டை எண்ணை யாரும் மறைக்கவில்லை. ஒரு அம்மா, “நல்லாப் பாத்து எழுதிக்கங்க. வீட்டுல ஏழு ஓட்டு இருக்கு, போன தடவ ஆறுன்னு எழுதிட்டாக,” என்றார். ‘வீட்டுவசதிக் கொள்கையில் பொதுமக்களின் ஆர்வம் வியக்க வைக்கிறது’ என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். இன்று அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அந்த நாற்பத்து நான்கு வயதுக்காரனின் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

சனிக்கிழமை அண்ணாச்சி போன் செய்தார். “நீ குச்சனூர் போயி ஒரு எள் விளக்கு ஏத்திட்டு வந்துரு. சனி பகவான் விசயத்துல அசட்டையா இருக்கக் கூடாது.”

“நீங்க வேதக்காரரு அண்ணாச்சி.”

“அதனாலதான் ஒன்னையப் போகச் சொல்றேன். எம் பேருலயும் ஒண்ணு ஏத்திரு. யாருன்னு கேட்டா சொல்லாத.”

போய் இரண்டு விளக்கு ஏற்றினேன். அவருடையது எரிந்தது. என்னுடையது காற்றில் அணைந்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. (நேரம், காலை 9.40.)

கூட்டம் அண்ணாச்சியின் புது சைட்டில். மனைகளை எல்லைக்கல் நட்டுப் பிரித்து, கல்லுக்குக் கல் கம்பு நட்டு வண்ணக் கொடி கட்டியிருந்தது. பந்தல், மேடை, ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் முறையாக அனுமதி வாங்கியிருந்தேன். சாப்பாட்டுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்ற யோசனையே எழவில்லை. பசிக்கு யாராவது அனுமதி கேட்பார்களா?

பொட்டலங்கள் காலை பத்தரைக்கு வந்தன. பிரியாணி முந்நூற்றுப் பதினான்கு. நானே எண்ணி வாங்கினேன். பந்தலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அடுக்கி, மாமாவைக் காவல் வைத்தேன். அன்றுதான் அக்காவும் வந்திருந்தாள். மாமா என்ன சொல்லிக் கூட்டி வந்தாரோ, வந்துவிட்டாள். முதல் எண் டோக்கனை அவளுக்கென்று எடுத்து வைத்து, முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தேன். வேட்பாளர் வந்ததும் அவளிடம் மைக்கைக் கொடுப்பது என் திட்டம். அவர் நாலு பேர் முன்னால் “உங்க வீட்டுக்கு நான் பொறுப்பும்மா” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மேடை, மனு, சங்கம், எனக்கு இந்த எலெக்‌ஷனே.

அக்கா டோக்கனை வாங்கிக்கொண்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மாமாவிடம், “இங்கன ஒருத்தரு காலையிலருந்து ஓடிக்கிட்டே இருக்காக. மூஞ்சி வாடிக் கெடக்கு,” என்றாள். மாமா என்னைப் பார்த்து, “வாடிக் கெடக்காம்” என்றார்.

பதினொன்று பத்துக்கு ஜீப் வந்தது. வேட்பாளர் என்று நினைத்து மேளக்காரர் அடிக்க ஆரம்பித்தார். இறங்கியது பறக்கும் படை. ஓர் அம்மா, அவர்தான் அலுவலர், கண்ணாடி போட்டு, கையில் கிளிப் அட்டை. பின்னால் இரண்டு காவலர்கள், ஒரு வீடியோக்காரர். மேளம் நிற்க ஒரு நிமிடம் ஆயிற்று.

“இங்க யாருங்க பொறுப்பு?”

அண்ணாச்சி என்னைக் காட்டினார். (மேடைப் பதாகையில் அவர் படம் என் படத்தைவிட மூன்று மடங்கு பெரிது. ஆனாலும் என்னைக் காட்டினார்.)

“இதெல்லாம் எந்தக் கட்சிக் கொடி?”

“கட்சிக் கொடி இல்ல மேடம். பிளாட்டுக்குக் கட்டுற கொடி.”

“எல்லாக் கட்சிக் கலரும் இருக்கே?”

“அதனாலதான் மேடம், எந்தக் கட்சியும் இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. “ஆளுங்களை வேன்ல கூட்டிட்டு வந்தீங்களா?”

“ஆமா மேடம். ஆறு வேன்.”

“டோக்கன்?”

“ஒண்ணுலருந்து வரிசையா இருக்கு மேடம். விட்டுப்போன நம்பரே கிடையாது.”

“சாப்பாடு?”

“மட்டன் பிரியாணி. தனியா சாம்பார் சாதமும் இருக்கு.”

“பரிசுப் பொருள்?”

“எல்லாருக்கும் ஒரு ஹாட்பாக்ஸ் மேடம்.”

ஒவ்வொரு கேள்விக்கும் தயக்கமில்லாமல் பதில் சொல்ல முடிந்ததில் எனக்கு ஒரு நிறைவு. வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் கை தூக்கும் மாணவனைப் போல நின்றுகொண்டிருந்தேன். அப்போது அவர் கேட்டார்: “யார் யாருக்குக் குடுத்தீங்கன்னு ஏதாவது விவரம் இருக்கா?”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இருபத்தைந்து வருடமாகக் காத்திருந்தேன் என்று தோன்றியது. நோட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த அம்மா முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

“பேரு. வாக்காளர் அட்டை எண். பூத் எண். டோக்கன் எண். பொருள் வாங்கினதுக்குக் கையெழுத்து.” ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். “சார், மத்த இடத்துல நாங்க குப்பைத்தொட்டியில கிழிச்சுப் போட்ட டோக்கனைப் பொறுக்கி ஒட்டவச்சுக்கிட்டு இருப்போம். என் சர்வீஸ்ல இவ்வளவு தெளிவா யாரும் எழுதித் தந்ததில்ல.”

“நன்றி மேடம்,” என்றேன்.

(அந்த ‘நன்றி’ வீடியோவில் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் வசந்தி மன்னித்துவிட்டாள்.)

என் முதுகுக்குப் பின்னால் பந்தல் காலியாகிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய ஹாட்பாக்ஸைச் சேலைத் தலைப்பிலும் துண்டிலும் மறைத்துக்கொண்டு ஜனங்கள் கொடிகளுக்கு நடுவே ஓடினார்கள். ஏழு ஓட்டு அம்மா எல்லைக்கல்லைத் தாண்டிக் குதித்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த வயதில் அது ஒரு சாதனை.

காவலர்கள் பொட்டலங்களை எண்ணத் தொடங்கினார்கள். பறிமுதல் பட்டியல் எழுதினார் அந்த அம்மா. “பிரியாணி, முந்நூற்றுப் பன்னிரண்டு.”

“பதினாலு மேடம்,” என்றேன்.

“எண்ணியாச்சு சார். பன்னிரண்டு.”

“இல்ல மேடம். வாங்கும்போது நானே எண்ணினேன். இன்னும் ஒண்ணுகூட விநியோகம் ஆகல. முந்நூத்திப் பதினாலு இருந்தே ஆகணும்.”

அண்ணாச்சி என் சட்டையைப் பின்னால் இழுத்தார். “ஏலே, கொறைச்சு எழுதுனா நல்லதுதான? எதுக்குடா கூட்டுற?”

என்னால் விட முடியவில்லை. மறுபடி எண்ணினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. காவலுக்கிருந்த மாமாவைக் கேட்டார்கள். அவர் வேப்பமரத்தைப் பார்த்தபடி, “தெரியல” என்றார். கடைசியில் என் பிடிவாதத்துக்காக, ‘இரண்டு பொட்டலங்கள் குறைவதாகப் பொறுப்பாளர் தெரிவிக்கிறார். விவரம் தெரியவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தார் அந்த அம்மா. தன் மேல் போடப்படும் புகாரின் அளவு போதாது என்று சண்டை போட்ட ஒரே குற்றவாளி நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் முதல் வேட்பாளரின் வண்டி வரிசை ரோட்டுத் திருப்பத்தில் தெரிந்தது. ஜீப்பைப் பார்த்தது. வேகத்தைக் கூட்டிக்கொண்டு நேராகப் போய்விட்டது. இரண்டாமவருக்கு வழியிலேயே போன் போய்விட்டது. மூன்றாமவர் அலுவலகத்தில், அப்படி ஒரு சங்கத்தையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். இந்தப் பிரியாணி யாருடைய தேர்தல் செலவு என்று அந்த அம்மா மூன்று பேரிடமும் கேட்டுப் பார்த்தார். சோளக்காட்டில் மேய்ந்து பிடிபட்ட மாட்டை ஊரில் யாருமே என்னுடையது இல்லை என்று சொன்னால் எப்படி நிற்குமோ, அப்படி நின்றது பிரியாணி.

“சார், ஜீப்புல ஏறுங்க. தாலுகா ஆபீஸ்ல ஒரு ஸ்டேட்மென்ட் எழுதணும்.”

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏ தாயி, நில்லு. அவன எங்கன கூட்டிட்டுப் போற?”

அக்கா. பந்தலில் ஓடாமல் இருந்த ஒரே வாக்காளர். தோளில் கட்டைப்பையோடும் கையில் மேடையிலிருந்து எடுத்த மனுவோடும் வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றாள்.

“நீங்க யாரும்மா?”

“டோக்கன் ஒண்ணு.”

அந்த அம்மா நோட்டைப் புரட்டினார். “ராஜாத்தி, ஜெயமங்கலம்… இது வேற தொகுதி ஆச்சே. சார், வேற தொகுதி ஓட்டருக்கு எதுக்குப் பிரியாணி?”

“மேடம், அது எங்க அக்கா.”

“இவன் ஓட்டுக்குக் குடுக்குற ஆளா?” என்றாள் அக்கா. “இவன் யாருக்குமே எதுவும் குடுக்குற ஆளு இல்ல தாயி! பள்ளிக்கூடத்துல பென்சில எரவல் குடுத்தா, நீளத்த அளந்து குடுப்பான், திரும்ப அளந்து வாங்குவான். எங்கிட்டயே! இவனப் போயி லஞ்சம் குடுத்தான்னு சொன்னா ஜெயமங்கலத்துல சிரிப்பாக.”

வீடியோக்காரர் கேமராவை அவள் பக்கம் திருப்பினார்.

“இவன் சொல்லித்தான் எடம் வாங்குனேன். வீடு கட்ட முடியல. அதுக்காக இவன் என்னைய ஏமாத்திட்டான்னு நெனைக்காத. இவனும் சேந்துதான் ஏமாந்தான். இந்தா, இந்தப் பேப்பர்ல மொத வரி என்னோடது. எவனும் படிக்க வரல. நீ அதப் படிச்சுப்புட்டு இவனக் கூட்டிட்டுப் போ.”

அந்த அம்மா மனுவை வாங்கினார். வெயிலில் நின்றபடி முதல் கோரிக்கையை முழுதாகப் படித்தார், வாய்விட்டு, கேமராவுக்கு முன்னால். பிறகு மடித்து நோட்டுக்குள் வைத்தார்.

“படிச்சுட்டேன்மா. சார், ஏறுங்க.”

ஏறினேன். வண்டி கிளம்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் வந்தாள். மாமாவிடமல்ல, சுவரிடமல்ல, என் கண்ணைப் பார்த்து, “ஏலே, காலையிலருந்து எதுவும் தின்னியா?” என்றாள்.

“இல்லக்கா.”

வண்டி போய்விட்டது. என் குறிப்பில் அந்த நாளுக்கு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அதில் அடிக்கோடிட்ட வரி ஒன்றே ஒன்றுதான்: ‘11.52. அக்கா பேசியது.’

தாலுகா அலுவலகத்தில் சாயங்காலம் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பறிமுதலான பிரியாணியைக் கெட்டுப்போவதற்குள் ஒரு மாணவர் விடுதிக்குக் கொடுத்தார்கள். மூன்று பேருக்கும் சமமாக நான்கு போன் என்று நான் எழுதி வைத்திருந்ததும், எங்கேயும் எந்தச் சின்னமும் இல்லாததும், மூன்று வேட்பாளரும் ஒரே குரலில் கைவிட்டதும் சேர்ந்து என்னைக் காப்பாற்றின. கடுமையாக எச்சரித்து ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். நோட்டை மட்டும் தரவில்லை.

தேர்தல் முடிந்தது. யாரோ ஜெயித்தார், மற்றவர்கள் தோற்றார்கள். எங்கள் மனுவை யாரும் நினைக்கவில்லை. ஏழு மாதம் கழித்து மாவட்ட நகரமைப்பு அலுவலகத்திலிருந்து போன். “தங்கவேலுங்களா? உங்க நோட்டு எங்ககிட்ட இருக்கு.” இன்னொரு எச்சரிக்கைக் கடிதம் என்று நினைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டேன். விஷயம் வேறு. மலையடிவாரக் கிராமங்களில் அங்கீகாரமில்லாத மனைகள் எத்தனை, யாருடையவை என்று மேலிடத்தில் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒன்று இல்லை. அப்போது யாருக்கோ, தேர்தல் வழக்குக் கட்டில் கிடந்த ஒரு பிரியாணி நோட்டு நினைவுக்கு வந்திருக்கிறது. பெயர், ஊர், சர்வே எண், எல்லாம் அதில் இருந்தன. கேட்காத விவரமாக, யார் சைவம் என்பதும் இருந்தது.

என் மனுவை எந்த வேட்பாளரும் படிக்கவில்லை. எனக்கு எதிரான சாட்சியத்தை மூன்று அலுவலகங்கள் வரி விடாமல் படித்தன. முகாம் நடந்தது. எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று சொன்னால் பொய். நோட்டில் இருந்தவர்களில் பாதிக்கும் குறைவு. மற்றவர்களுக்கு இன்றும் அலைச்சல்தான், அவர்களோடு நானும் போய் வருகிறேன். அக்காவுக்கு இரண்டு வருடம் கழித்து அனுமதி வந்தது. இரண்டாவது கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை. மூன்றாவது நிறைவேறியது, எதிர்த்திசையில். வழிகாட்டி மதிப்பு கூடிவிட்டது. குச்சனூரில் தன் பேரில் ஏற்றிய விளக்கு அணையாமல்தான் எரிந்ததே என்று அண்ணாச்சி இன்றும் என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறார்.

அக்கா வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனபோது, பந்தி வாசலில் மாமா பழைய தோல்பையை மாட்டிக்கொண்டு, வாயில் விசிலோடு நின்றார். கையில் எண் போட்ட டோக்கன்கள்.

“பேரு?”

“மாமா, நான்தான்.”

“பூத்து நம்பர் சொன்னாத்தான் பிரியாணி.”

முப்பது வருடத்தில் அவர் செய்த முதல் நகைச்சுவை அது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். “பொருள் வாங்குனதுக்குக் கையெழுத்து!” என்று வசந்தி உள்ளேயிருந்து கத்தினாள்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா தன் சொந்த அடுப்பில் போட்ட காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏலே, அன்னைக்கு ரெண்டு பொட்டலம் காணோம்னு அந்தம்மாகூட மல்லுக்கட்டுனியே. எம் பையிலதான் இருந்துச்சு.”

“அக்கா!”

“நீ மூஞ்சி வாடிப் போயி ஓடிக்கிட்டு இருந்த. ஜீப்பு வந்த ஒடனேயே, சோத்த அள்ளிட்டுப் போயிருவாகன்னு தெரிஞ்சு போச்சு. ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு எடுத்துப் பையில போட்டேன்.”

“அப்ப நீ எங்கூடப் பேசவே இல்லையே.”

“பேசலைன்னா? பட்டினி கெடக்க விட்ருவாகளா?”

காப்பியைக் குடித்து முடித்தேன். பிறகு, பழக்கதோஷம், “எனக்கு வரலையே. அந்த ரெண்டும் என்னாச்சு?” என்று கேட்டேன்.

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். மாமா சட்டென்று விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பழைய நாள்குறிப்பை எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையில் ‘பொட்டலம் குறைவு 2. காரணம்:’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தேன். அதில் எழுதி முடித்தேன்: ‘அக்கா எடுத்தது. மாமா சாப்பிட்டது.’

இப்போதும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி தொடங்குமுன் யாராவது என்னிடம் பூத் எண் கேட்டே தீருவார்கள். எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது, அக்கா இரண்டு பொட்டலத்தைக் கட்டைப்பையில் போட்டு, “இது எண்ணிக்கையில வராது” என்று சொல்லி என் கையில் கொடுப்பாள்.

அதை மட்டும் நான் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.